வாய் கொடுத்தவர்

செய்தி வந்தபோது நான் சிரம்பானை அடுத்த அம்பாங்கானில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். காலை வேளை. போனில் பார்வதி அண்ணி. "தம்பி, அண்ணன் போயிட்டாரு" என்றார். குரலில் அழுகை இல்லை. என் தோளில் சுற்றி வைத்திருந்த வயர் கீழே சரிந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

 அப்போது அண்ணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஆ..." என்று நீளமாக எழுந்து, முடிவில் சற்றே இறங்கி, அதன் பின் இரண்டு செருமல். தங்கையா அண்ணன் மைக்கைக் கையில் வாங்கியதும் முதலில் செய்வது அதைத்தான். கல்யாணமோ கருமாதியோ, அந்த "ஆ..." இல்லாமல் அவர் எதையும் அறிவித்ததில்லை. வாழ்நாளில் பாதியை அந்தக் குரலோடு கழித்தவன் நான். என் காது அதில் தவறாது.

"அண்ணி, பின்னால யாரு பேசுறது?"

"யாரும் பேசல தம்பி. மாடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அண்ணனை அறிந்தவர்களுக்கு இது புரியும். அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, பில்லி, சூனியம் எதையும் நான் நம்புகிறவன் அல்லன். மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன். எங்கிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் அதற்கொரு காரணம் இருக்கும். வயர் அறுந்திருக்கும், பெட்டி நனைந்திருக்கும், இல்லையென்றால் எவனாவது ஒருவன் நிற்கக் கூடாத இடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இதுதான் என் மதம். இந்தக் கட்டுரையை முடிக்கும்வரையாவது இந்த மதத்திலேயே இருக்க விரும்புகிறேன்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியில், சி ரூசா கடற்கரைக்கு வெகு முன்பாகவே உள்ளே பிரியும், எண்ணெய்க்குப் போட்ட ஒரு செம்பனைத் தோட்டத்தில் அண்ணன் டிராக்டர் ஓட்டினார். நானும் அங்கே, அவர் பக்கத்து வீட்டில் பிறந்தவன்தான். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியானபோது, மற்றவர்களைப் போல நானும் மம்பாவில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினேன். அண்ணன் மாறவில்லை. கேட்டால், "என் மாட்ட எந்த மாடியில கட்டச் சொல்ற? லிப்டுல ஏத்திக்கிட்டுப் போகவா?" என்பார். லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுச் சில மாடுகள் வளர்த்தார். பகலில் அவை செம்பனை மரங்களுக்கு இடையே மேயும்.

டிராக்டர் அவருடைய வேலை. மைக்தான் அவருடைய வாழ்க்கை. தோட்டத்தில் திருவிழா, பந்து விளையாட்டு, கல்யாணம், சாவு எது நடந்தாலும் செட் என்னுடையது, குரல் அவருடையது. ஒருமுறை அம்மன் தேர் புறப்படும் நேரத்தில் கோயில் வாசலை மறித்து ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அண்ணன் மைக்கை எடுத்தார். "ஆ... செவப்பு மோட்டார நிறுத்தியிருக்கிற பெருமகனே, நீங்களே வந்து எடுக்கிறீங்களா, இல்ல அம்மாளே ஓட்டிக்கிட்டுப் போகட்டுமா லா?" என்றார். ஓடி வந்தவர் மேனேஜருடைய மச்சான். சிரிக்காத ஆளே இல்லை. இன்னொரு முறை, கல்யாணப் பந்தியில் கறி தீர்ந்துவிட்டது. "அன்பார்ந்த பெருமக்களே, இன்றைய உணவில் கறி உடம்புக்கு ஆகாது என்று கருதி மாப்பிள்ளை வீட்டார் அதைத் தாங்களே சாப்பிட்டுவிட்டார்கள்" என்று அறிவித்தார். அன்று அடிவாங்காமல் தப்பித்தது அவருடைய அதிர்ஷ்டம்.

பார்வதி அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். "இந்த வாயி மட்டும் இல்லேன்னா இவர நாய் தூக்கிட்டுப் போயிடும் தம்பி" என்பார். வீட்டில் பேசும் வேலை முழுவதும் அண்ணனுடையது. அண்ணி பெரும்பாலும் தலையசைப்பதோடு சரி.

கன்றுக்குட்டியின் கதை ஒரு மழைக்காலத்தில் தொடங்கியது. அண்ணனின் செவலைப் பசு ஒரு கிடேரிக் கன்று போட்டிருந்தது. தாயின் மடியை விட்டு அப்போதுதான் கொஞ்சம் தள்ளி நடக்கத் தொடங்கிய வயது. ஒரு நாள் உச்சி வேளையில் கன்றைக் காணவில்லை. கோயில் ஒலிபெருக்கி ஹார்ன் ஒன்றைப் பழுதுபார்க்க நான் அன்று தோட்டத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு தேடப் போனார்.

செம்பனைக் காட்டுக்குள் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே மட்டைகள் கூரை போட்டதுபோல மூடியிருக்கும். பச்சையாக ஓர் இருட்டு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி இடைவெளி. எங்களுக்குப் பழக்கப்பட்ட இடம்தான். ஆனாலும் அன்று ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. அதை முதலில் கவனித்தவன் நான். என் தொழில் அப்படி.

பசுவை முதலில் கண்டோம். வெட்டிக் குவித்த மட்டைகளைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. கன்றைக் காணாத தாய், ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். இது வாயே திறக்கவில்லை. மட்டைக் குவியலைச் சுற்றிப் போனோம். பின்னால் கன்று நின்றுகொண்டிருந்தது. காட்டுப் பன்றிக்கு யாரோ வைத்திருந்த கம்பிக் கண்ணி அதன் வாயைச் சுற்றி இறுகியிருந்தது. கம்பி ஒரு பக்கம் உதட்டோரத்தைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. நாக்கு பக்கவாட்டில் வெளியே தள்ளி, ஓரம் அறுந்து தொங்கியது. எங்களைப் பார்த்ததும் அது கத்தியது. கத்தியது என்று ஏன் சொல்கிறேன் என்றால், வயிறு உள்ளே போய் வெளியே வந்தது, தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"ஐயோ, என் தாயீ" என்று அண்ணன் மண்டியிட்டு அதன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வயர் வெட்டும் குறடு என் பையில் இருந்தது. கம்பியை வெட்டி எடுத்தேன். அதன் பின்பும் தாய்ப்பசு கத்தவில்லை. எங்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தது.

கால்நடை டாக்டர் வந்தார். மலாய்க்கார இளைஞர், பொறுமையானவர். உதட்டைக் கழுவித் தையல் போட்டார், ஊசி போட்டார். நாக்கைப் பார்த்துவிட்டு, "சூசா லா, பாங்", கஷ்டம் அண்ணே, என்று தலையை ஆட்டினார். கிழிந்த நாக்கால் மடியை வளைத்துப் பிடிக்க முடியாது, பால் உறிஞ்சாவிட்டால் இது பிழைப்பது கஷ்டம் என்று விளக்கினார். குழாய் விட்டு ஒரு வேளைப் பால் இறக்கிக் காட்டினார். அதைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்க முடியாது என்றும் சொன்னார்.

அதன் பிறகு அண்ணன் அந்தக் கொட்டகையை விட்டு அகலவில்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாயைக் கழுவுவார். டாக்டர் கொடுத்த ஊதா மருந்தைத் தண்ணீரில் கரைத்துப் புண்ணில் விடுவார். ஈ மொய்த்துப் புழு வைத்துவிடக் கூடாதென்று சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவுவார். பாலைப் புட்டியில் ஊற்றி ரப்பர் காம்பை வாயில் வைத்தால், அத்தனையும் கடைவாய் வழியாக வழிந்து அவர் மடியில்தான் கொட்டும். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றவும் முடியாது. பால் நெஞ்சுக்குள் இறங்கினால் கன்று போய்விடும். அதனால் தன் விரலைப் பாலில் தோய்த்து அதன் வாய்க்குள் வைத்துச் சப்பச் சொல்லிக் கொடுத்தார். பேசிக்கொண்டேதான் எல்லாம் நடக்கும். "ஆ... அன்பார்ந்த கன்னுக்குட்டி அவர்களே, பால் தயாராக உள்ளது. தாங்கள் வாய் திறந்து ஆதரவு தருமாறு விழாக் குழுவின் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன்" என்று மைக் இல்லாமலே முழங்குவார். கன்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். மாடு ஆளுடைய கண்ணைப் பார்க்கும், கையைப் பார்க்கும். வாயைப் பார்த்த மாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இவ்வளவு செய்தும் கன்று தேறவில்லை. விலா எலும்பு தெரிந்தது. நிற்க முடியாமல் படுத்துவிட்டது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்க. இதுக்கு அதுதானே இல்ல" என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அவர் பிள்ளை பெற்றவர்தான். மகன் கோலாலம்பூரில் நல்ல வேலையில் இருந்தான். இருந்தாலும் அந்தக் கன்றின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த விதம், கைக்குழந்தையைப் பறிகொடுக்கப் போகிறவர் மாதிரி இருந்தது.

தோட்டத்தின் எல்லையில் முனியாண்டி இருக்கிறார். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது, அவர் தலைக்கு மேலிருந்த ரப்பர் மரத்தை மட்டும் யாரும் வெட்டத் துணியவில்லை. அதனடியில் ஒரு மேடை, ஒரு சூலம், எந்நேரமும் ஒரு சுருட்டு. எதிரே பழைய ரப்பர் ஸ்டோரின் தகரச் சுவர். அங்கே நின்று யார் பேசினாலும் அந்தச் சுவரில் பட்டு எதிரொலி திரும்பி வரும். ஹார்னை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டினாலும் அந்த எதிரொலியோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு.

மறுபடியும் ஓர் உச்சி வேளை. நான் ஏணியில் நின்று ஹார்னைக் கட்டிக்கொண்டிருந்தேன். பூசாரி கீழே சருகு கூட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் சட்டையெல்லாம் பால் கறையோடு வந்து முனியாண்டி முன் நின்றார். கும்பிடவில்லை. சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

"ஏய்யா முனி, அது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? வாயில்லா சீவன், அதோட வாயப் போயி கிழிச்சியே! எனக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வாயி? இத எடுத்துக்க. அதுக்கு வாயக் குடு!"

அடித்தொண்டையிலிருந்து கத்தினார். ஏணியில் நின்றபடி எதிரொலிக்காகக் காத்திருந்தேன். வேண்டுமென்று அல்ல, பழக்கத்தால். அது வரவில்லை. அவ்வளவு பெரிய குரல் தகரச் சுவர் வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. காற்று, ஈரப்பதம், சுவரில் படர்ந்த கொடி என்று அன்றைக்கே எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். இறங்கி வந்து நான் ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன். என் குரல் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

பூசாரி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "யோவ் தங்கையா, முனிகிட்ட கோழி குடு, சுருட்டு குடு, சாராயம் குடு. வாய் குடுக்காதேய்யா! அவரு சொன்னத அப்படியே எடுத்துக்கிறவரு" என்றார். வாய் கொடுக்காதே என்று ஒருவரிடம் ஒருவர் சொல்வது உண்டு. வீண்பேச்சு பேசி மாட்டிக்கொள்ளாதே என்று அதற்கு அர்த்தம். பூசாரி அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

அன்று சாயங்காலம் கன்று எழுந்து நின்றது. அண்ணனின் விரலைப் பிடித்துச் சப்பியது. பிறகு தாயின் மடிக்குப் போய் முட்டி முட்டிக் குடித்தது. அண்ணி சேலை முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மருந்து வேலை செய்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நானும் அதையே நம்பினேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

தையலைப் பிரித்தார்கள், புண் ஆறியது. உதட்டில் ஒரு வடு மட்டும் நின்றுவிட்டது. அதனால் அந்தக் கன்றுக்கு வாய் முழுதாக மூடாது. "ம்மா" என்று கத்துவதற்கு உதடு ஒட்ட வேண்டுமே. இதற்கு "ம்" வராது. வெறும் "ஆ..." மட்டும்தான் வரும். இது சாதாரண விஷயம். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஆடித் திருவிழா வந்தது. வெளியூர் போனவர்கள் எல்லாம் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார்கள். செட் தயார். அண்ணன் வேட்டி சட்டையோடு மேடையேறி மைக்கை வாங்கினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நான் ஆம்பிளிபையரைப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. வயரை மாற்றினேன். மைக்கைத் தட்டினேன், நான்கு ஹார்னும் டொக் டொக்கென்றன. அண்ணன் மறுபடியும் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றுமில்லை.

அப்போது லயத்துக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது அது. "ஆ..." என்று நீளமாக எழுந்து, முடிவில் சற்றே இறங்கி. பிறகு இரண்டு செருமல். கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. அறிவிப்பு தொடங்கிவிட்டது என்று எண்ணி, சிலர் பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்தார்கள். உதட்டு வடு "ஆ"வுக்குக் காரணம் சொல்லும். இறக்கத்துக்கும் செருமலுக்கும் அது காரணம் சொல்லாது. அண்ணன் ஒருவர்தான் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை மெல்ல என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பின் காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது. ஒன்றை நான் பதிவு செய்ய வேண்டும். அவர் குரலில் கரகரப்பு அந்த உச்சி வேளைக்கு முன்பே இருந்தது. ஒலிபெருக்கியில் அதைக் கேட்டு, டாக்டரைப் பார்க்கச் சொல்லி நான் நச்சரித்திருக்கிறேன். "சுருட்டு முனி குடிச்சா சாமி, நான் குடிச்சா வியாதியா?" என்று சிரித்துத் தள்ளினார். ஆகவே நோய் முதலில், வேண்டுதல் பிறகு. நான் இதை எத்தனையோ பேரிடம் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் காதில் வேறொன்று விழுந்துகொண்டிருந்தது.

கன்று வளர்ந்து பசுவானது. குரலும் வளர்ந்தது. செம்பனைக் குலை வெட்ட வரும் இந்தோனேசியத் தொழிலாளர்கள் அந்த வரிசைக்கு வரும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். பழைய ஆட்கள் யாராவது தோட்டத்துக்கு வந்தால், "இதோ வந்துட்டேண்ணே" என்று பதில் கொடுத்துவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் நல்ல மைக் ஒன்றைக் கொண்டுபோய் ஒரு நாள் முழுவதும் பதிவு செய்தேன். மம்பாவில் என் வீட்டில் போட்டுக் கேட்டேன். வெறும் மாடு. சாதாரண மாட்டுச் சத்தம். மறுநாள் தோட்டத்தில் அதே மாடு, காதுக்கு நேரே, அண்ணன். போன் வழியாக எனக்கு அவர் குரலாகவே கேட்டது அவர் இறந்த காலையில் மட்டும்தான். இதற்கு என் மதத்தில் பதில் இல்லை.

நோய் மீண்டும் திரும்பியது. டாக்டர்கள் முன்புபோல நம்பிக்கையாகப் பேசவில்லை. அண்ணி பூசாரியிடம் போனார். பூசாரி ஒரு வழி சொன்னார். முனியாண்டி எல்லைச் சாமி. தோட்டத்து எல்லைக்கு உள்ளேதான் அவர் பேச்சு. மாடு எல்லையைத் தாண்டிவிட்டால் கொடுத்ததும் செல்லாது, வாங்கியதும் செல்லாது. குரலும் வரும், நோயும் போகும். அண்ணி பேசாத மனுஷி. அன்று பேசினார். நானும் கூட இருந்தேன்.

"மாட்ட வித்துடுங்க. அது வேற எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும். எனக்கு நீங்க வேணும்."

அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். பிறகு அந்தக் கிசுகிசுப்பில், ஒவ்வொரு சொல்லாக, "வாய் போனா போகுது பாரு. சொல்லு நிக்கட்டும்" என்றார்.

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க இதெல்லாம் நம்புறீங்களா அண்ணே? ஒரு மாட்ட வித்தா உங்களுக்கு என்ன நட்டம்? அண்ணிக்கு ஒரு நிம்மதியாச்சும் கிடைக்கும்ல?" என்று கத்தினேன். அவர் என் காதருகே குனிந்தார். "நம்புறனோ இல்லையோ, சொன்னேன்ல" என்றார். பிறகு கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, "வித்தா நேரா வெட்டத்தான் போகும். அதுவும் எனக்குத் தெரியும்" என்றார்.  ஆனால் அண்ணி அன்றிலிருந்து அந்தப் பசுவின் பக்கமே போகவில்லை. அதன் பாலைத் தொடவில்லை. அது கத்தினால் கதவைச் சாத்திக்கொள்வார்.

கடைசி மாதங்களில் அண்ணன் கொட்டகை வாசலில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருப்பார். பசு பக்கத்தில் நிற்கும், அவர் வாயைப் பார்த்தபடி. நான் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அவர் ஏதோ சொல்ல உதட்டை அசைப்பார். சத்தம் பசுவிடமிருந்து வரும். உதடு நின்றால் அதுவும் நிற்கும். முதல் தடவை பார்த்தபோது நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்லை. பிறகு பசுவைத் தட்டிக் கொடுத்து, "செட்டு நல்லா இருக்கா தம்பி?" என்று கிசுகிசுத்தார். சாகக் கிடந்தும் அந்த மனுஷனுக்குக் கிண்டல் போகவில்லை.

அம்பாங்கான் மண்டபத்துக்கு வேறு ஆளை வரச் சொல்லிவிட்டு நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அண்ணி என்னைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னார். விடிந்ததும் அண்ணன் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கை காட்டியிருக்கிறார். உதடு அசைந்திருக்கிறது. கொட்டகையில் பசு கத்தியிருக்கிறது.

"அவரு வாயி நின்னுருச்சு தம்பி" என்றார் அண்ணி. "அது நிக்கல."

ஊரில் யார் இறந்தாலும் அறிவித்தவர் அவர். அவருக்காக அறிவிக்க நான் ஒரு பெட்டிகூட இறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மம்பாவிலிருந்தும் அம்பாங்கானிலிருந்தும் பழைய ஆட்கள் வந்து நிறைந்திருந்தார்கள். எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள்; பேசும்போதே காதைக் கொட்டகைப் பக்கம் வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போடும்போது தாடைக் கட்டைச் சற்றுத் தளர்த்தினார்கள்.  அந்த வாயிலிருந்து ஏதாவது வந்துவிடுமோ என்று எல்லோரும் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. வராதா என்று ஏங்கினேன். வரவில்லை. நான் வந்து சேர்ந்ததிலிருந்து பசுவும் அன்று சத்தம் காட்டவில்லை. தோட்டத்து மயானத்திலேயே அவரை அடக்கம் செய்தோம்.

காரியங்கள் முடிந்த மறுநாள் மகன் லோரி பிடித்து வந்தான். அம்மாவைத் தன்னோடு கோலாலம்பூருக்குக் கூட்டிப் போக வேண்டும். மாடுகளை விற்றுவிட வேண்டும். தனியாக இந்த லயத்தில் அம்மாவை எப்படி விடுவது என்று அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அண்ணியும் மறுக்கவில்லை. துணிமணிகளைப் பையில் அடுக்கி வாசலுக்கு வந்துவிட்டார். மற்ற மாடுகளை ஏற்றியாயிற்று. கடைசியாக அந்தப் பசுவைக் கயிற்றைப் பிடித்து இழுத்து வந்தான் மகன். அது முரண்டு பிடிக்கவில்லை. நான் பலகையைச் சரிசெய்து கொடுத்தேன். எனக்கும் இது ஒரு வழியாக முடிந்தால் போதும் என்றிருந்தது. எல்லையைத் தாண்டிவிட்டால் மாடு மாடாகிவிடும், நானும் நிம்மதியாகத் தூங்கலாம்.

பசு முன்னங்கால்களைப் பலகையில் வைத்தது. தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தது. "ஆ..." என்றது. நீளமாக எழுந்து, முடிவில் சற்றே இறங்கியது. இரண்டு செருமல். லோரி ஓட்டுநர் யார் கூப்பிட்டது என்று கீழே இறங்கிச் சுற்றிலும் தேடினார்.

அண்ணி பையைக் கீழே வைத்தார்.

"இதோ வரேங்க" என்றார்.

நான் அண்ணியை அத்தனை வருடம் அறிவேன். மாட்டை வா போ என்பார், என்னை வா தம்பி என்பார், மகனை வாடா என்பார். அந்த "ங்க" அந்த வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் உரியது. அண்ணி செருப்புக்கூடப் போடாமல் நடந்து வந்து, மகன் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். பலகையிலிருந்து பசுவை இறக்கினார்.  கயிற்றை இழுக்கவில்லை. தளரப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே கொட்டகைக்கு நடந்தார். மகன் ஓட்டுநருக்குக் கை காட்டினான். லோரி மற்ற மாடுகளோடு புறப்பட்டுப் போனது.

அண்ணே, உங்களை வழியனுப்பத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கடைசி வரியில் "போய் வாருங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதாக இருந்தேன். அண்ணி இன்னும் அந்த லயத்திலேயே இருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நான் எந்த வாயால் அதைச் சொல்வேன்?